ஐம்பது ரூபாய்க் கடனும் ஆறு மாதச் சிறையும்

ஐ.பி. கொடுத்தவர்கள், அதாவது கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் திவால் மனு போட்டவர்கள் என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆகாது. அம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதாமாதம் போட்டுவந்த தீபாவளிச் சீட்டை நடத்தியவர், பண்டிகை நெருங்குகிற நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனார். கொஞ்ச நாள் கழித்துக் கோர்ட் அமீனா வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அம்மாவின் பெயர் எதிர்மனுதாரர் வரிசையில் எங்கேயோ நடுவில் இருந்தது. அம்மா அழுதது பணத்துக்காக இல்லை. பறிகொடுத்தது நாம், கோர்ட்டுக்குப் போனது அவன், இதில் நம்மை எதிரி என்று போட்டிருக்கிறானே என்றுதான். ஊரில் இதை மஞ்சள் கடுதாசி என்பார்கள். கடுதாசி கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், அவன் மகனுக்குக் கடையில் பற்று எழுத மாட்டார்கள். அதெல்லாம் நியாயம்தான் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அபிப்பிராயத்தை ஆட்டம் காணச் செய்தவர் என் நண்பனின் சித்தப்பா. எட்டு விசைத்தறி வைத்திருந்தவர், கூலிக்கு நெய்து கொடுப்பார். கொரோனா முடிந்து தறி ஓடத் தொடங்கிய நேரத்தில் நூல் விலை ஏறியது. துணி வாங்கியவர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். பழைய கடனின் வட்டிக்குப் புதுக்கடன் வாங்குகிற நிலைக்கு அவர் வந்துவிட்டார். புரோநோட்டு எழுதி வாங்கியிருந்த ஒருவர் கேஸ் போட்டு டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு) வாங்கி, அதை நிறைவேற்றக் கேட்கும் ஈ.பி. மனுவும் போட்டு, கைது நோட்டீஸ் வரைக்கும் போய்விட்டார். சிவில் கடனுக்கு ஜெயிலா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. சிவில் நடைமுறைச் சட்டப்படி 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரி என்றால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுப் படியை, உள்ளே தள்ளியவரே கட்ட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வினோதமான கருணை. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வழியில்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் போடுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்கே விரோதம் என்று தீர்ப்பு எழுதினார். கையில் பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருப்பவனைத்தான் பிடிக்கலாம். சரி, ஆனால் கைது நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போது யாரும் 21ஆம் பிரிவை எடுத்துப் படிப்பதில்லை. வக்கீலைத்தான் பார்க்கப் போகிறார்கள். வக்கீல் ஐ.பி. போடச் சொல்கிறார்.

நானும் கூடப் போயிருந்தேன். வக்கீல் ஒரு முழுத்தாளை நீட்டி, "யார் யாருக்குத் தரணுமோ ஒருத்தர் விடாம எழுதுங்க. பேரு, அப்பா பேரு, அட்ரஸ், தொகை" என்றார். சித்தப்பா நூல் வியாபாரியில் தொடங்கினார். அப்புறம் வங்கி, ஏலச்சீட்டு, பைனான்ஸ்காரர், மச்சினிச்சி, மச்சினிச்சியின் நாத்தனார், தறியில் ஓட்டிய ஆளின் இரண்டு மாதச் சம்பளம். அதோடு பேனாவை மூடி வைத்துவிட்டார். "டீக்கடை?" என்று நண்பன் கேட்டான். ரெண்டாயிரத்துச் சொச்சம் பாக்கி. "அத எதுக்குடா எழுதிக்கிட்டு, அவரென்ன கேஸா போட்டாரு" என்றார் சித்தப்பா. வக்கீல் விடவில்லை. ஒரு கடனை விட்டாலும் மறைத்ததாக ஆகிவிடும் என்றார். ஆக டீக்கடைக்காரரும் எதிர்மனுதாரர் ஆனார். நோட்டீஸ் போன அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடி, "ஏனுங்ணா, நானு உங்ககிட்ட காசு கேட்டனுங்களா? எனக்கெதுக்குங்ணா கோர்ட்டு நோட்டீசு?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அதற்கு அப்புறம் சித்தப்பா அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார்.

அப்போதுதான் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன்.

எட்டணா

சித்தப்பாவின் மனு போடப்பட்டது 1920ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ். சென்னைக்குள் இருந்திருந்தால் 1909ஆம் வருடச் சட்டத்தில், உயர்நீதிமன்றத்தில் போட்டிருக்க வேண்டும். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை, இரண்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. 1920 சட்டப்படி கடன் 500 ரூபாய் இருந்தாலே திவால் மனு போடலாம். நொடித்தவராக அறிவிக்கப்பட்டவர் குறித்த காலத்துக்குள் பழைய கடனிலிருந்து விடுவிப்பு கேட்டு மறுபடி மனு போட வேண்டும். அந்த மனு வரும்போது கோர்ட் பார்க்கிற முதல் விஷயம், அவருடைய சொத்து அவருடைய கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது, அதாவது பாதியாவது தேறுமா என்பது. தேறாவிட்டால், அது என் தப்பால் வந்த நஷ்டம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் முழு விடுவிப்பு கிடையாது. 72ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே. விடுவிப்பு வாங்காத நொடித்தவர், தான் அப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை ஜெயில். 1920-ல் 50 ரூபாய் பெரிய பணம். இப்போது நாலு டீக்கும் ரெண்டு வடைக்கும் அக்கவுண்ட் சொன்னால் குற்றம்.

அந்த எட்டணாக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, 2016-ல் வந்த புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பாருங்கள். வேறொருவர் எடுத்து நடத்துவதற்கான மீட்புத் திட்டம் ஒப்புதலான கம்பெனிகளில் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்திருப்பது, ஒப்புக்கொள்ளப்பட்ட தொகையில் சராசரியாகச் சுமார் 32 சதவீதம். ரூபாய்க்கு ஐந்தணா சொச்சம். வீடியோகான் விஷயத்தில் 71,000 கோடிக்கு மேல் உரிமை கோரப்பட்டிருக்க, 2021-ல் கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் மும்பைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட திட்டம் 3,000 கோடியைக்கூடத் தொடவில்லை. 4.15 சதவீதம்தான் வருகிறது, வாங்குகிறவர் ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பாயமே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டது. முக்காலணாகூட இல்லை. அடுத்த வருடம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது, அது வேறு கதை. கம்பெனிகளைத் தப்பாகச் சொல்ல நான் வரவில்லை. அவை தீர்ப்பாயத்துக்கு வருவதற்குள்ளேயே பாதி செத்துப்போனவை, உடைத்து விற்றால் கிடைப்பதைவிட அதிகமாகத்தான் இந்தச் சட்டத்தில் கிடைக்கிறது. ஆனால் முக்காலணாவுக்கு ஒரு கம்பெனியின் கடனை முடித்துவைக்கத் தயாராக இருந்த அதே நாட்டில், எட்டணா இல்லாத தறிக்காரர் தன் நேர்மையைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரியவர்கள் வெளியேறிய வீடு

இது எப்படி ஆயிற்று என்று தேடினால் கதை லண்டனுக்குப் போகிறது. இங்கிலாந்தில் 1705-ல் போட்ட சட்டம்தான் முதல்முதலாக, உள்ளதை உள்ளபடி ஒப்படைத்த திவாலானவனுக்குப் பழைய கடனிலிருந்து விடுதலை கொடுத்தது. அதே சட்டம், மறைத்தவனுக்குத் தூக்கு என்றது. நம்மை இங்கே உறுத்த வேண்டியது தூக்கு இல்லை, அந்தச் சலுகை வியாபாரிகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருந்ததுதான். வியாபாரி அல்லாதவன் கடன்பட்டால் அவனுக்குச் சிறை. 1861 வரைக்கும் அங்கே இப்படி இரண்டு கதவுகள் இருந்தன. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களுக்கும் 1828-ல் வந்த நொடிப்பு நீதிமன்றங்கள் அந்தப் பின்னணியில்தான் வந்தன.

சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் அர்பத்நாட் பேங்க் திவாலான கதை தெரிந்திருக்கும் என்பதால் நீட்டவில்லை. 1906 அக்டோபர் 22 அன்று அந்த பேங்க் கதவைச் சாத்தியது. லண்டனில் இருந்த பங்குதாரர் மக்ஃபாடியன் ரயிலில் விழுந்து செத்தார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் அடுத்த வருடமே இந்தியன் வங்கி உருவாவதற்கு முன்னின்றார். இதில் என்னை நிறுத்தியது ஒன்றுதான். அர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம், லிமிடெட் கம்பெனி கிடையாது. பேங்க் விழுந்தால் சர் ஜார்ஜே விழுவார், அவர் வீடும் வண்டியும் கணக்கில் வரும். மூன்று வருடம் கழித்து 1909 சட்டம் வந்தபோது, நொடித்துப் போகிறவர் என்று சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தவர்களில் சர் பட்டக்காரர்களும் உண்டு. பெரியவனும் சின்னவனும் ஒரே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் பெரியவர்கள் ஒவ்வொருவராக லிமிடெட் கம்பெனிக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய வீட்டில் தங்கியது தறிக்காரரும் மளிகைக்காரரும் சம்பளக்காரரும்தான். செல்வாக்குள்ளவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு யார் வெள்ளையடிக்கப் போகிறார்கள்? 1985-ல் நலிவுற்ற தொழில் நிறுவனங்களுக்கு ஒரு சட்டம், அதற்கென்று பி.ஐ.எப்.ஆர். வாரியம். அங்கே போய்ப் பதிந்துவிட்டால் யாரும் வசூலுக்கு வர முடியாது என்பதால் அது முதலாளிகள் ஒளிந்துகொள்கிற இடமாகிப்போனது. கடுப்பான வங்கிகளுக்காக 1993-ல் கடன் மீட்புத் தீர்ப்பாயம், 2002-ல் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள விடும் சர்பாசி சட்டம். நடுவில் 1999-ல் நீதிபதி ஏராடி கமிட்டி, 2005-ல் இரானி கமிட்டி, கடைசியில் 2014-ல் முன்னாள் சட்டச் செயலர் டி.கே. விஸ்வநாதன் கமிட்டி. ஒரு கமிட்டி அறிக்கை கொடுக்கும், ஒரு சட்டம் வரும், அது ஓடாது, அடுத்த கமிட்டி. சீர்திருத்தம் என்று இந்த நாட்டில் முப்பது வருடம் பேசியதெல்லாம் கம்பெனிகளைப் பற்றியும் வங்கிகளைப் பற்றியும்தான்.

விஸ்வநாதன் கமிட்டியை மட்டும் இந்தப் பட்டியலோடு சேர்த்துத் திட்ட மனசு வரவில்லை. 2015 நவம்பரில் கொடுத்த அறிக்கையில் அது தனிமனிதர்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. அதை வைத்து 2016 மே மாதம் நிறைவேறிய சட்டத்தில் மூன்றாவது பாகம் முழுக்க ஆட்களுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும்தான். படித்தால் நல்ல சட்டம். திவால் உத்தரவு வந்து ஒரு வருடத்தில் விடுவிப்பு, எட்டணாப் பேச்சே இல்லை. 243ஆம் பிரிவு 1909, 1920 சட்டங்கள் இரண்டையும் ரத்து செய்கிறது. காகிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

2019: கதவு கொஞ்சம் திறந்தது

அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் எப்போது அமலுக்குக் கொண்டுவருவது என்பது மத்திய அரசின் கையில். கம்பெனிப் பகுதி 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அடுத்த ஜூனில் ரிசர்வ் வங்கி பன்னிரண்டு பெரிய கணக்குகளைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பச் சொன்னது. பூஷன் ஸ்டீல் டாடாவிடம் போனது, எஸ்ஸார் ஸ்டீல் 42,000 கோடிக்கு ஆர்சலர் மிட்டலிடம் போனது. பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். முதலாளி என்றால் கம்பெனியை என்றைக்கும் இழக்க மாட்டான் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே 2017-ல் நிதியமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. தனிநபர்கள் பகுதி இன்னும் அமலாகவில்லை, ஆகவே அவர்கள் பழைய சட்டங்களின்படியே போக வேண்டும் என்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும் என்று நினைத்தார்கள்.

2019 நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்தது. மூன்றாவது பாகம் டிசம்பர் 1 முதல் அமல். ஆனால் ஒரே ஒரு வகை மனிதர்களுக்கு மட்டும்: கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். அதாவது, முதலாளி கம்பெனிக்குக் கடன் வாங்கும்போது வங்கி அவரிடமும் அவர் மனைவியிடமும் தனியாக ஒரு ஜாமீன் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளும் இல்லையா, அவர்கள். கம்பெனி ஒரு தீர்ப்பாயத்திலும் ஜாமீன்தாரர் வேறெங்கோவும் இருந்தால் வங்கிக்குச் சிரமம், அதனால் இருவரையும் ஒரே இடத்தில் பிடிக்க வழி வேண்டியிருந்தது. இத்தனை பெரிய நாட்டில் மனிதர்களுக்காக எழுதிய பாகத்திலிருந்து அரசு திறந்துவிட்ட முதல் கதவு, கடன்பட்டவன் வெளியேறுவதற்கு இல்லை, கடன் கொடுத்தவன் உள்ளே வருவதற்கு.

ஜாமீன்தாரர்கள் சும்மா இருக்கவில்லை. மனிதர்கள் எல்லோருக்கும் என்று நாடாளுமன்றம் எழுதிய பாகத்தை எங்களுக்கு மட்டும் என்று பிரித்தெடுக்க அரசுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார்கள். லலித் குமார் ஜெயின் வழக்கில் 2021 மே மாதம் உச்சநீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. ஜாமீன்தாரருக்கும் கம்பெனிக்கும் இருக்கிற நெருக்கம் மற்றவர்களுக்கு இல்லை, சட்டத்தைக் கட்டம் கட்டமாக அமல்படுத்த அரசுக்கு உரிமை உண்டு, கம்பெனியின் மீட்புத் திட்டம் ஒப்புதலானதாலேயே ஜாமீன்தாரர் தப்பிவிட முடியாது. சட்டக் கண்ணோடு பார்த்தால் இதில் தப்பு சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டம் கட்டமாக என்றால் அடுத்த கட்டம் ஒன்று வர வேண்டும். கம்பெனிப் பகுதியில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தது. வீடு புக் செய்தவர்களுக்கு 2018-ல் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் இடம் கிடைத்தது, மனு போடத் தேவையான குறைந்தபட்சக் கடன் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியானது, 2021-ல் சிறுதொழில்களுக்கென்று முன்கூட்டியே பேசி முடிக்கும் ஏற்பாடுகூட வந்தது. அந்தச் சிறுதொழில் ஏற்பாட்டிலும் கம்பெனியாகவோ எல்.எல்.பி. என்கிற லிமிடெட் கூட்டு வியாபாரமாகவோ பதிந்திருந்தால்தான் நுழைய முடியும். தன் பெயரில் தறி ஓட்டுகிறவர் சிறுதொழில்காரர்தான், அந்தச் சிறுதொழில்காரர் இல்லை.

நம் பக்கத்தில் கடன்பட்ட மனிதனுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1938-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அசலுக்கு இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது, பழைய வட்டிப் பாக்கியைத் துடைத்தது. அதன் பிறகும் நிவாரணச் சட்டங்கள் வந்தன, கூட்டுறவுக் கடன் தள்ளுபடிகள் வந்தன, 2021-ல் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி. எல்லாமே ஒரு முதல்வரின் மனசையோ ஒரு தேர்தலையோ நம்பி வந்தவை. அந்த வருடம் கடன் வாங்கியிருந்தால் தப்பித்தாய், அடுத்த வருடம் வாங்கியவன் போச்சு. கம்பெனிக்கு நடைமுறை, மனிதனுக்குச் சலுகை என்றே பழகிவிட்டோம். சலுகைக்குக் கைகட்டி நிற்க வேண்டும், நடைமுறைக்கு மனு எழுதினால் போதும்.

என் அம்மாவின் கட்சி இன்னும் எனக்குள் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்தில் விடுவிப்பு என்றால் சீட்டுக்காரர்களுக்கு அது கொண்டாட்டம் இல்லையா? இருக்கலாம். ஆனால் பழைய சட்டமும் அந்த ஆளை ஒன்றும் செய்யவில்லையே. இரண்டு வருடத்துக்குள் மச்சான் பெயரில் மாற்றிய சொத்தைத் திரும்ப எடுக்க அதில் வழி இருந்தது, அதைக் கேட்டு யார் மெனக்கெடுவது? பலர் இங்கே ஐ.பி. போடுவதே கைதையும் வசூலையும் கொஞ்ச காலம் தள்ளிப்போடத்தான், விடுவிப்பு மனு வரைக்கும் போவதே இல்லை. ஏமாற்றுக்காரனுக்குத் தள்ளிப்போட்டால் போதும். முடித்துக்கொள்ள வழி தேவைப்படுவது நேர்மையானவனுக்குத்தான்.

புதுச் சட்டம் முழுசாக வந்தாலும் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. பரம ஏழைகளுக்கென்று அதில் ஒரு புதுத்தொடக்க ஏற்பாடு இருக்கிறது, கடன் மொத்தமாகத் தள்ளுபடி. யாருக்கு என்றால், வருட வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், தள்ளுபடியாகிற கடன் 35,000-க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது. மாதம் 5,000 ரூபாய் வருமானத்தில் இருப்பவரைத் தேடிப்பிடித்தாலும், அவர் கடன் 35,000-க்குள் நிற்குமா? இன்னொன்று, ஐ.பி. இன்றைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் சார்பு நீதிமன்றங்களில் நடக்கிறது. புதுச் சட்டத்தில் தனிமனிதர்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரை மூன்று ஊரில்தான் இருக்கிறது, அதுவும் வங்கிகள் வசூலுக்காகக் கட்டிய இடம். கன்னியாகுமரியிலிருந்து ஒருவர் 35,000 ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மதுரைக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டும். நான் கேட்பதெல்லாம் அந்த 35,000-ஐ இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி உயர்த்துங்கள், வழக்கைச் சார்பு நீதிமன்றத்திலேயே விடுங்கள், அதோடு சேர்த்து 243ஆம் பிரிவை அமலாக்குங்கள். டீக்கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பாமல் கடனை முடிக்க ஒரு வழியும் யாராவது யோசித்தால் நல்லது.